முதல்ல துண்டப் போடு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குள் சாயங்காலம் சித்தையன்கோட்டை பஸ் திரும்பும்போதே ஒரு கூட்டம் அதன் கூடவே ஓடும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பை, குடை, டிபன் கேரியர் என்று கையில் இருப்பதெல்லாம் உள்ளே விழும். அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆபீஸ் அக்காவின் நீலத் துண்டு மட்டும் குறி தப்பியதே கிடையாது. ஓட மாட்டார், இடிக்க மாட்டார். பஸ் எந்த இடத்தில் வளையும், எந்த ஜன்னல் தன் முன்னால் வந்து நிற்கும் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். நின்ற இடத்திலிருந்தே வீசுவார். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் துண்டு சமமாக விரிந்து விழும்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. துண்டு போட்டவர் கடைசி ஆளாக ஏறுவார். ஏறியதும் உட்கார மாட்டார். சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். கைக்குழந்தைக்காரி, காய்ச்சலில் முகம் வெளிறிப்போன காலேஜ் பெண், மூட்டையோடு மூச்சு வாங்கும் யாரோ ஒருத்தர், இப்படி இரண்டு பேரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். ஊர் வரைக்கும் நின்றுகொண்டே போவார்.

ஒரு தடவை வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மடக்கினார்.

"ஏம்மா, துண்டு போட்டா சீட்டு உன்னுதாயிருமா?"

"என்னுது இல்லண்ணே. வாரவங்களுது."

"யாரு வாரா?"

"தெரிஞ்சா பேர எழுதிப் போட்ருக்க மாட்டேனா?"

அவருக்கு அதற்கு மேல் சண்டையை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தெரியவில்லை. நான் ஆத்தூரில் இறங்குகிறவன், தினமும் அதே பஸ். இந்த மாதிரி மேட்ச் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் அக்காவிடம் ஒரே பதில்தான் இருக்கும். "முதல்ல துண்டப் போடு. ஆளு பொறவு வரும்."

எங்கள் கம்பெனி தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிற கம்பெனி. தலைமை ஆபீஸ் கோயம்புத்தூரில். திண்டுக்கல் கிளையில் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள். கணக்கு, போன், யார் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்ற முடிவு எல்லாமே அக்கா. மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், எதையும் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொந்தமாக முடிவெடுப்பார். நான் இன்ஜினியரிங் முடித்த கையோடு வந்து சேர்ந்தவன். லேப்டாப்பை வேகமாகத் தட்டுவேன் என்பதால், கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு காலண்டர் சாப்ட்வேரை இறக்கியபோது அது நேராக என் தலையில் விழுந்தது.

சும்மா சொல்லக்கூடாது, செம பில்டப் கொடுத்தேன். சுவரில் படம் காட்டினேன். ஒவ்வொருத்தருக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கலர். இடம் காலியாக இருந்தால் தலைமை ஆபீஸ் மீட்டிங் போடும். இடம் நிறைந்திருந்தால் 'பிஸி' என்று காட்டும். எல்லாருக்கும் ஒத்துவருகிற காலி நேரத்தை சாப்ட்வேரே தேடிக் கண்டுபிடிக்கும். யாருக்கு என்ன வேலை, முடிந்ததா இல்லையா, அதுவும் அதிலேயே. மேனேஜர் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினார். சர்வீஸ் பார்க்கிற அன்வர் பாய்க்குத்தான் சந்தேகம்.

"தம்பி, நான் மண்ணுக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு ஜாயிண்ட் ஒட்டிக்கிட்டு இருப்பேன். அப்பயும் இது மணி அடிக்குமா?"

"அடிக்கும் பாய். ரிமைண்டர்."

"நல்லா இருக்குப்பா. வீட்ல ஒண்ணு இருக்கறது பத்தாதுன்னு."

அக்கா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்.

"காலியா இருந்தா யாரு வேணா ஒக்காரலாம். ஆளு இருந்தா ஒக்கார முடியாது. அம்புட்டுத்தான?"

"அது மட்டும் இல்லக்கா, இதுல வாரா வாரம் தானா வர்ற மாதிரி..."

"அம்புட்டுத்தானடா. இது பஸ்ஸு."

அடுத்த திங்கட்கிழமை சாப்ட்வேரைத் திறந்தால் எல்லார் பத்தியிலும் நீலக் கட்டங்கள். தலைப்பு இல்லை, விவரம் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புள்ளி. கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் பதறிப்போய் எனக்கு போன் போட்டார்.

"ஏனுங்க தம்பி, உங்க பிராஞ்சுல எல்லாத்துக்கும் புள்ளி புள்ளியா இருக்குதுங்க. வைரஸுங்களா?"

"இல்ல சார். எங்க அக்கா."

கலர் கூட அந்தத் துண்டின் கலர்தான் என்பது எனக்குச் செத்த நேரம் கழித்துத்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாராந்திர ரிவ்யூ வைக்கலாம் என்று தலைமை ஆபீஸ் தேடியபோது அன்வர் பாய் பத்தியில் வாரா வாரம் ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தது. சாப்ட்வேர் தானாகவே ரிவ்யூவை வேறு நாளுக்குத் தள்ளிவிட்டது. பாய் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு நிதானமாக வந்தார். விஷயம் தெரிந்ததும் அக்காவிடம் கொஞ்சம் சங்கடமாகவே சொன்னார்.

"நான் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களேக்கா."

"கேட்டாத்தான் பாய், குடுப்பமா வேணாமான்னு யோசிப்பாங்க. ஆளு ஒக்காந்திருந்தா யோசனையே வராது."

என் பத்தியில் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு புள்ளி. அதற்கு முந்தின வாரம்தான் நான் வீடியோ மீட்டிங்கில் வாயைத் திறந்துகொண்டு தூங்கி, அதை யாரோ போட்டோ எடுத்துக் கம்பெனி குரூப் முழுக்கச் சுற்ற விட்டிருந்தார்கள். நான் கொதித்துப்போய்ச் சண்டைக்குப் போனேன்.

"நான் என்ன பால்வாடிப் புள்ளையாக்கா? எனக்குத் தூங்க டைம் போட்ருக்கீங்க?"

"பால்வாடிப் புள்ளையா இருந்தா தொட்டில் கட்டிருப்பேன். துண்டுதான் போட்ருக்கேன். தூங்கு."

தூங்கினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், டேபிளில் தலையைச் சாய்த்து அந்தக் கொஞ்ச நேரம் தூங்கிய தூக்கத்தை இப்போது ஏசி பெட்ரூமில்கூடத் தூங்குவதில்லை.

சில புள்ளிகள் யாருக்கென்றே தெரியாது. வாரத்தில் ஒன்றிரண்டு இடத்தில், சர்வீஸ் ஆட்களின் பத்தியில், காரணமில்லாமல் உட்கார்ந்திருக்கும். தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் பண்ணிய அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஏனுங்க, மெயின் பைப்பு வெடிச்சுப் போச்சுங்க. வெங்காயம் நட்டு ஈரம் காயுறதுக்குள்ள தண்ணி உடோணுங்க. இன்னைக்கு யாராச்சும் வருவீங்களாங்க?"

நான் காலண்டரைப் பார்த்து, குரலில் கெத்தோடு, செவ்வாய்க்கிழமைதான் சார் ஸ்லாட் இருக்கிறது என்றேன். அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "பன்னெண்டு மணிக்கு ஆள் வரும்ணே" என்றார். இன்னொரு கையால் அன்வர் பாய் பத்தியில் ஒரு புள்ளியைத் தட்டி அழித்தார்.

"எந்திரிங்க பாய். ஆளு வந்துருச்சு."

பாய் போய்ச் சரிசெய்துவிட்டு, வேலை முடிந்தது என்று போனிலேயே டிக் அடித்தார். அக்கா அந்த டிக்கை எடுத்துவிட்டு அவருக்கே போன் போட்டார்.

"தண்ணி வந்துச்சா?"

"பைப்பு மாட்டியாச்சுக்கா."

"பைப்பையா குடிக்கப் போவுது வெங்காயம்? கடைசி வரிசை நனையட்டும், பொறவு டிக் போடுங்க."

இதையெல்லாம் படித்துவிட்டு ஏதோ தெய்வம் என்று நினைத்துவிடாதீர்கள். பல நாள் எரிச்சலாக வரும். என் நாளில் எனக்கே இடம் இருக்காது. எதற்கு இந்தப் புள்ளி என்று கேட்டால் பதிலும் வராது. டீலர் கூட்டத்துக்கு ஒரு இடம் வேண்டுமென்று மேனேஜரே தயங்கித் தயங்கிக் கேட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "குடுக்கலாம் சார், பாக்கலாம்" என்பார் அக்கா, ஏதோ சொந்தப் பஸ் மாதிரி. யாருக்கு எது தேவை என்று அவராகவே முடிவு செய்துவிடுவார், அது சரியாக வேறு இருந்து தொலைக்கும். அது இன்னும் எரிச்சல்.

ஆனால் ஒன்றை எல்லாரும் கவனித்திருந்தோம். அக்காவின் சொந்தப் பத்தியில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதனாலேயே ஊரில் உள்ள தொல்லையெல்லாம் அங்கே வந்து விழும். கோயம்புத்தூர்க்காரர்கள் எந்த நேரத்தில் மீட்டிங் போட்டாலும் அதில் அக்கா இருப்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சோறும் வெஞ்சனமும் ஆறிக் காய்ந்துபோகும் வரைக்கும் போனில் டீலர் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருப்பார்.

"உங்களுக்கும் ஒரு துண்டு போட்டுக்கங்கக்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் நின்னுக்குவேன்டா. எனக்குக் காலு வலிக்காது."

அப்படிப்பட்டவரின் பத்தியில் ஒருநாள் புள்ளி விழுந்தது. வியாழக்கிழமை, மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை. அதுவும் மற்றவர்கள் திறந்து பார்க்க முடியாதபடி பூட்டு போட்ட புள்ளி.

பின்னால் எங்களுக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. ஊசியால் குத்தித் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது வெறும் கட்டியா, பெயர் சொல்லவே பயப்படுகிற அந்த நோயா என்று அந்த வியாழக்கிழமை தெரிந்துவிடும். சில வாரமாகவே அந்த நீலத் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஏசி குளிருது என்றார். நம்பினோம். எங்கள் ஏசி குளிர்ந்து பல காலம் ஆகிறது என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்குத் தோன்றியதெல்லாம் வேறு. அக்காவே தனக்குத் துண்டு போட்டிருக்கிறார் என்றால் சாதாரண விஷயமாக இருக்காது. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு அன்வர் பாயையும் என்னையும் உட்கார வைத்தார்.

"மேடம் போறாங்கய்யா."

"எங்க சார்?"

"வேற கம்பெனிக்கு. மதுரையில ஒருத்தன் நம்ம லைன்லயே ஆபீஸ் தொறக்குறான். ஆள் எடுக்குறான். வியாழக்கிழமை இன்டர்வியூ."

"அக்கா சொன்னாங்களா சார்?"

"சொல்வாங்களா? நீங்கதான்யா பாக்கணும். ட்ராயர எல்லாம் கொட்டிக் கவுத்து ஏதோ தேடுறாங்க. இன்சூரன்ஸ் நம்பர் கேக்குறாங்க. போன் வந்தா மாடிப்படிக்குப் போயிப் பேசுறாங்க. போறவங்க செய்யுற வேலை எல்லாம் செய்யுறாங்க."

ட்ராயரில் தேடியது ஆஸ்பத்திரிக்கான இன்சூரன்ஸ் கார்டு. படிக்கட்டில் பேசியது டாக்டரிடம். ஆனால் மேனேஜர் சொன்ன விதத்தில் கேட்டபோது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அட்மின் என்ற முறையில் அந்தப் பூட்டைத் திறந்து பார்க்கச் சொல்லி இருவரும் என்னை நச்சரித்தார்கள். திறந்தேன். உள்ளே ஒரு புள்ளி இருந்தது.

"சரி, போறதுதான் போறாங்க, மரியாதையா அனுப்பி வைப்போம்" என்றார் மேனேஜர். கண் கலங்கியிருந்தது. "வெள்ளிக்கிழமை பாய் பள்ளிவாசல் போயிட்டு வந்ததும் பிரியாணி. ஒரு பொன்னாடை. மேடத்துக்குத் தெரியவே கூடாது. இன்விடேஷன நானே போடுறேன், நீங்க யாரும் கை வைக்க வேணாம். லீக் ஆயிரும்."

வியாழக்கிழமை அக்கா மத்தியானமே கிளம்பிப் போனார். வழக்கமாக "வாரேன்டா" என்று ஒவ்வொரு டேபிளுக்கும் சொல்லிவிட்டுப் போகிறவர், அன்றைக்குக் கதவருகே நின்று பொதுவாக ஒருதரம் எங்களைப் பார்த்தார். அவ்வளவுதான். மேனேஜர் எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பார்த்தியா, இன்டர்வியூ என்று அர்த்தம்.

நான் என் புள்ளியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆபீஸில் இருந்த எல்லா போனும் ஒரே நேரத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தால் திரையில் இங்கிலீஷில் பெரிய எழுத்து. 'ஃபேர்வெல். நம் அன்புக்குரிய மேடத்துக்கு.'

மேனேஜர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டியபடி அறையிலிருந்து வந்தார். "பாத்தியா தம்பி, ஒரே தட்டு. எல்லாருக்கும் போயிருச்சு."

பைப் ஜாயிண்ட் எடுக்க வந்திருந்த அன்வர் பாய் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், எல்லாருக்கும்னா?"

"நம்ம குரூப்பு முழுக்கப்பா."

"குரூப்புல அக்காவும் இருக்காங்களே சார்."

நான் எழுந்து போவதற்குள் மேனேஜர் அறைக்குள் ஓடி அந்தக் கட்டத்தை அழிக்கிறேன் என்று பிடித்து இழுத்துவிட்டார். அது அழியவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து நகர்ந்து வியாழக்கிழமைக்கு வந்து உட்கார்ந்தது. மறுபடியும் எல்லா போனும் அடித்தன. 'ஃபேர்வெல் இன்றைக்கே மாற்றப்பட்டுள்ளது.'

அதைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது மணி. 'நினைவூட்டல். ஃபேர்வெல், இன்னும் சற்று நேரத்தில்.'

"விடுங்க சார், தொடாதீங்க" என்று நான் மவுஸைப் பிடுங்கும்போது என் போன் அடித்தது. அக்கா.

"ஏலே." குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "என்னடா இது? ரிசல்ட்டு எனக்கு முன்னாடி உங்களுக்கு வந்துருச்சா?"

"என்ன ரிசல்ட்டுக்கா? இன்டர்வியூ ரிசல்ட்டா?"

"என்ன இன்டர்வியூ?"

"இல்லக்கா... மதுரைக் கம்பெனி... நீங்க போறீங்கன்னு சாரு..."

அக்காவுக்குப் பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம். அப்புறம் அக்கா சொன்னார். கழுத்து, கட்டி, ஊசி, இன்றைக்கு ரிசல்ட். அவ்வளவே. சொல்லிவிட்டு, "ஒருத்தரும் வர வேணாம், வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் அவருக்கே ஒரு டாக்டர் தேவைப்படும் போலிருந்தது. "போங்கய்யா, ரெண்டு பேரும் போங்க. போன நான் பாத்துக்குறேன்" என்றார். அன்வர் பாய் ஏற்கெனவே பைக்கைக் கிளப்பியிருந்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்படி ஒன்றும் தூரமில்லை, டவுனுக்குள்தான். ஆனால் ரயில்வே கேட் மூடியிருந்தது, எதிரே ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. பாய் ஹாண்டில் பாரை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார இடமில்லை. சுவரோரம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா ஒரு நாற்காலியில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய கைப்பை.

"யாருக்குக்கா இது?"

அப்போதுதான் தானே அதைக் கவனித்த மாதிரி பையைப் பார்த்தார். "தெரியலடா. பழக்கம்."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒக்காரு. ஆளு வந்துருச்சு."

உட்கார்ந்தேன். அன்வர் பாய்தான் கேட்டார், வீட்டில் சொல்லவில்லையா என்று.

"அவரு கொச்சிக்கு காய்கறி லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு பாய். மலையில வண்டி ஓட்டுற மனுசன்ட்ட இதச் சொல்லவா? எறங்கட்டும்."

"எங்ககிட்டச் சொல்லிருக்கலாமேக்கா."

"சொல்லி?"

அந்த நேரம் பார்த்து எங்கள் மூன்று பேர் போனும் ஒன்றாக அடித்தன. 'ஃபேர்வெல் தொடங்கிவிட்டது.' வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"அத யாராச்சும் அமுக்கித் தொலைங்கடா" என்றார் அக்கா. உதடு மட்டும் சிரித்தது. நான் என் போனிலேயே உள்ளே நுழைந்து அந்தக் கட்டத்தை அழித்தேன். அழிந்துவிட்டது என்று மூன்று போனும் இன்னொரு தடவை அடித்துச் சொல்லின.

நர்ஸ் வந்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். கூட வரட்டுமா என்று நான் எழுந்தேன். வேண்டாம் என்று அக்கா கையைக் காட்டினார். அப்புறம் கழுத்திலிருந்து அந்த நீலத் துண்டை அவிழ்த்தார். கட்டியை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கும். துண்டை மடித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் நூல் பிரிந்த, வெயிலில் வெளுத்த ஒரு சாதாரணத் துண்டு. சுவரோரம் நின்றிருந்த ஒரு பெரியவர் கால் மாற்றி மாற்றி நின்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இங்க ஆளு இருக்கா?"

அன்வர் பாய்தான் சொன்னார்.

"வருவாங்கய்யா. ஆளு வரும்."

நான் எழுந்து என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். துண்டு கிடந்த இடத்தை ஒருத்தரும் தொடவில்லை. பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஓதத் தெரிந்தது ஒன்றும் இல்லை. துண்டின் ஓரத்து நூலை விரலில் சுற்றிச் சுற்றி விட்டேன்.

கதவு திறந்தது. அக்கா வந்தார். முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். கையிலிருந்த காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீசுல என்னென்னமோ போட்ருக்கு. டாக்டரம்மா சொன்னத மட்டும் சொல்றேன். ஒண்ணும் இல்லையாம்டா. வெறுங்கட்டி. அறுக்கக்கூட வேணாமாம். ஆறு மாசம் கழிச்சு வந்து ஒரு தடவ காட்டணுமாம், அம்புட்டுத்தான்."

சொல்லி முடித்துவிட்டு அந்தத் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பாய் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். நான் நாற்காலி கொடுத்த பெரியவர் என்னிடம், "நல்ல சேதிதானப்பா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். வராந்தா பினாயில் நாற்றம்கூட நன்றாக இருந்தது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். கொஞ்ச நேரம் தட்டித் தேடினார்.

"ஏலே, எங்கடா அது?"

"எதுக்கா?"

"ஃபேர்வெல்லு."

"அழிச்சிட்டேன்க்கா. நீங்கதான..."

"பிரியாணி போட்ருந்துச்சேடா அதுல. திரும்பப் போடு."

போட்டேன், வெள்ளிக்கிழமைக்கே. முதல் ஆளாக அக்காதான் 'வருகிறேன்' என்று அமுக்கினார்.

மறுநாள் மேனேஜர் அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை. பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். "மேடம், நான் வேணும்னு..."

"சார், நேத்து ஒரு நாள் என் சீட்டுல ஒக்காந்து போன் எடுத்தீங்களாமே. எப்புடி இருந்துச்சு?"

"உசுரு போயிருச்சு மேடம்."

"அது போதும் சார். வாங்குனத வீணாக்க வேணாம், போடுங்க."

போட்டார். தங்கச் சரிகை மின்னுகிற, ரோஜாக் கலர்ப் பொன்னாடை. அதைப் போர்த்தியபடியே அக்கா சீரகச் சம்பா பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நடுவில் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. மேனேஜர் ஓடிப்போய் எடுத்து, "மேடம் பிஸிங்க" என்றார். அக்கா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. அக்கா அப்புறம் கோயம்புத்தூர் ஆபீஸுக்கே மாறிப் போனார், அங்கே யார் யாருக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாரோ. நான் இப்போது சென்னையில் வேறு கம்பெனி, இதே மாதிரி காலண்டர். என் டீமில் ஒவ்வொருத்தர் பத்தியிலும் அங்கங்கே ஒரு புள்ளி இருக்கும். இது என்ன ப்ரோ என்று கேட்கிறார்கள். துண்டு என்று சொன்னால் புரியவா போகிறது.

அந்தப் பிரியாணி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவும் நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம், நிற்க இடமில்லை. சித்தையன்கோட்டை பஸ் திரும்பியது. அக்கா தோளைத் தடவினார். துண்டு இல்லை.

"தொவச்சுக் காயப் போட்டுட்டு வந்துட்டேன்டா" என்றார்.

ஜன்னல் முன்னால் வந்து நின்றது. பையிலிருந்து பொன்னாடையை உருவி ஒரே வீச்சு. ரோஜாக் கலரும் சரிகையுமாக விரிந்து ஜன்னலோர சீட்டில் விழுந்தது. பஸ்ஸே ஒரு நொடி யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்திருக்கும். வழக்கம் போலக் கடைசியாக ஏறினோம். கூடையோடு நின்ற ஒரு அம்மா சரிகையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"இது யாருக்கும்மா போட்ருக்கு?"

அக்கா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். கம்பியைப் பிடிக்கப் போன கை பாதியில் நின்றது.

"எனக்குத்தான்" என்றார்.

பொன்னாடையை எடுத்து மடியில் சுருட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் விட்டார். தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, பஸ் கிளம்புவதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன். செட்டியபட்டி தாண்டும்போது கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஏலே, காலு வலிக்குதா?"

"இல்லக்கா."

"அப்ப நில்லு."